தொங்கா நாட்டின் அரச மரபு



தென் பசிபிக் சமுத்திரத்திலே, அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பீஜித் தீவுகளுக்கும் அப்பால், தொங்கா என்னும் சிறிய இராச்சியம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 170 தீவுகள் கொண்டது அந்நாடு. அவற்றுள் மக்கள் வாழ்வன நாற்பதளவேயாம். எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒருங்கே கூட்டினாலும் 750 சதுர கிலோமீற்றர் அளவே தேறும். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் ஓர் இலட்சத்தைச் சற்றே கடந்தவர். நூக்குஅலோபா என்பது தலைநகர்.

இத்துணைச் சிறிய நாட்டைப் பற்றி இன்று பேச வந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. பொலினீசியா எனப்படும் பெருந்தீவுக் கூட்டத்தில் முன்பு முடியரசுகள் பல இருந்தன. தஹித்தியின் மன்னர் ஐந்தாம் பொமாரே 1880ஆம் ஆண்டில் தம் நாட்டைப் பிரான்சுக்குக் கையளித்தார். ஹவாயின் அரசி லிலியுஒகலானி 1893ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அரியணையினின்றும் இறக்கப்பட்டார். அதற்கு அடுத்த மாதம், பெப்ரவரியில், தொங்காவின் முதலாம் ஜோர்ஜ் துப்போ மன்னர் தொண்ணூறைக் கடந்த முதுமையில் உயிர் நீத்தார். அவர் இறக்கும்போது நாடு அவருடையதாகவே இருந்தது. கொடியும் அவர் கொடியே. இன்று பொலினீசியாவில் எஞ்சி நிற்கும் ஒரே முடியரசு தொங்காவே. மற்றவை மறைய இஃது ஒன்று மட்டும் நிலைத்தது எவ்வாறு? இந்த வினாவுக்கு அந்நாட்டின் பழங்கதைகளும் சரித்திரமும் தரும் விடையை ஆராய்வோம்.

தொங்கா மக்கள் தம் அரச குலத்தின் தோற்றத்தை வானுலகோடு தொடர்புபடுத்துவர். தங்கலோவா குலத்துத் தெய்வம் ஒன்று மண்ணுலகில் இலஹேவா என்னும் நங்கையைக் கண்டு காதலித்தது. அவர்களுக்குப் பிறந்த மகன் அஹோஎய்து. வளர்ந்த மைந்தன் தந்தையைக் காண வானுலகு சென்றான். அங்கே தெய்வ மகளிர் வயிற்றில் பிறந்த தமையன்மார் இருந்தனர். இளையவனின் அழகையும் ஆற்றலையும் கண்டு பொறாமை கொண்ட அவர்கள் அவனைக் கொன்று தின்றுவிட்டனர். செய்தி அறிந்த தந்தை, தின்றதையெல்லாம் ஒரு பெரிய மரக்கலத்திலே கக்கும்படி அவர்களைப் பணித்தான். தலையையும் எலும்புகளையும் அதிலிட்டு, நீர் வார்த்து, மூலிகை இலைகளால் மூடிவைத்தான். விடியும்போது அஹோஎய்து உயிர்பெற்று எழுந்திருந்தான். தொங்காவின் முதல் மன்னனாக அவனை மண்ணுக்கு அனுப்பிய தந்தை, குற்றம் புரிந்த தமையன்மாரையும் உடன் அனுப்பினான். தம்பிக்கு ஏவல் செய்து, அவனைக் காத்து நிற்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை.

முதல் மன்னன் ஆண்ட காலம் கி. பி. பத்தாம் நூற்றாண்டு என ஆராய்ச்சியாளர் கணிப்பர். அவன் வழிவந்தோர் துயி தொங்கா, அதாவது தொங்காவின் வேந்தர், எனப் பெயர் பெற்றனர். இக்கதையிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுளது. தமையன்மார் கொல்லப்படவில்லை, நாடு கடத்தப்படவுமில்லை. பகைவராயிருந்தவரே அரசனின் பரிவாரமாயினர். அரசனைச் சூழ நிற்கும் குலங்கள் சில தம் மரபை அச்சகோதரரிடமிருந்தே இன்றும் கூறுவர். பகைமையை அழிக்க இயலாதபோது அதனை அரண்மனைக்குள்ளே அமர்த்தி வேலை கொடுப்பது என்னும் அரசியல் அறிவு இக்கதையில் அடங்கியிருக்கின்றது.

துயி தொங்கா மன்னர் விட்டுச்சென்ற அடையாளங்கள் இன்றும் தொங்காத்தப்பு என்னும் பெருந்தீவிலே காணக்கிடக்கின்றன. பழைய தலைநகராகிய மூவாவிலே பவளப்பாறைக் கற்களால் அடுக்கடுக்காகக் கட்டிய அரச கல்லறைகள் பல உள. தீவின் கிழக்குக் கோடியிலே, ஏறக்குறைய ஐந்து மீற்றர் உயரமுள்ள இரண்டு பெருங்கற்கள் நிற்க, அவற்றின் மேல் மற்றொரு நீண்ட கல் குறுக்கே பொருத்தப்பட்டிருக்கின்றது. பதினொராம் மன்னனாகிய துயிதாதுயி கி. பி. 1200 அளவில் அதனை எழுப்பினான் என்பது மரபு. தன் மைந்தர் இருவரும் தனக்குப் பின் பகைத்துப் போரிடுவரோ என அவன் அஞ்சினானாம். நிற்கும் கற்கள் இரண்டும் இரு மைந்தர். மேலே கிடக்கும் கல் அவர்களைப் பிணைக்கும் ஒற்றுமை. கல்லிலே எழுதிவைக்க எழுத்தில்லாத காலத்தில், கல்லையே எழுத்தாக்கினான் அத்தந்தை.

ஆயினும் கல் சொன்ன அறிவுரை என்றும் பயன்பட்டதாகச் சொல்வதற்கில்லை. பின்வந்த மன்னர் பலர் கொலையுண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டிலே தக்கலாவுவா என்னும் மன்னன் கொல்லப்பட்டான். அவன் மகன் கவுஉலுபொனுவா கொலையாளரைத் தீவு தீவாகத் துரத்திச் சென்று பிடித்துப் பழிதீர்த்தான் என்பர். பழிதீர்த்தபின் அவன் செய்த செயலே சரித்திரத்தில் நிலைபெற்றது. அரசனுக்கு உரிய புனிதத் தகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, நாள்தோறும் ஆளும் அதிகாரத்தைத் தம்பியிடம் ஒப்படைத்தான். தம்பியின் வழி துயி ஹாஅதக்கலாவுவா என்னும் இரண்டாம் அரச மரபாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்க அளவில் அம்மரபிலிருந்து துயி கனொகுபொலு என்னும் மூன்றாம் மரபு கிளைத்தது. இப்பொழுது தொங்காவை ஆளும் குடும்பம் இம்மூன்றாம் மரபைச் சேர்ந்தது.

இவ்வாறு முதல்வன் வணங்கப்படும் வேந்தனாகவும், இரண்டாமவனும் பின்னர் மூன்றாமவனும் ஆட்சி நடத்தும் தலைவராகவும் அமைந்தனர். வணக்கத்துக்குரிய பதவியையும் வரிதண்டும் பதவியையும் வேறுபடுத்தி வைத்தால், மக்களின் சினம் முன்னதைத் தீண்டாது என்பதை அத்தீவினர் அனுபவத்தால் கண்டுகொண்டனர் போலும்.

இன்னுமொரு வியப்பு. அரசனே நாட்டில் உயர்ந்தவன் என்று நாம் எண்ணுவோம். தொங்கா முறைமையில் அரசனிலும் உயர்ந்தவர் உளர். உடன்பிறந்தாருள் ஆணிலும் பெண்ணுக்கே தகுதி அதிகம் என்பது அவர்கள் வழக்கு. ஆகவே துயி தொங்காவின் தமக்கை தகுதியால் மன்னனுக்கு மேற்பட்டவள். அவள் மகள் அதனினும் மேலானவள். ஒவ்வொரு குடும்பத்திலும் தந்தையின் சகோதரியாகிய அத்தைக்கே முதன்மை. திருமணமாயினும் மரணமாயினும் அவளும் அவள் மக்களுமே முன்னிருந்து மரியாதை பெறுவர். ஆட்சி சகோதரன் கையில், தகுதி சகோதரியிடத்தில். முடி சூடியவனும் தன் வீட்டிலே ஒருத்தி முன் தலை தாழ்த்தவேண்டியிருந்தது.

அரச மரியாதை மொழியிலும் படிந்துள்ளது. பொதுமக்களுக்கு ஒரு சொல், தலைவர்க்கு ஒரு சொல், மன்னர்க்கு ஒரு சொல் என மூவகைச் சொற்கள் உள. உண்பதைக் குறிக்கக் குடிமக்களுக்குக் ‘காய்’ என்பர். தலைவர்க்கு ‘இலோ’ என்பர். மன்னர்க்குத் ‘தௌமாபா’ என்பர். மன்னர் முன்னிலையில் நிகழும் காவாச் சடங்குக்கும் ‘தௌமாபா காவா’ என்றே பெயர்.

காவா என்பது ஒரு செடி. நம் வெற்றிலைக் கொடிக்கும் மிளகுக் கொடிக்கும் அஃது உறவுடையது. அதன் வேரை இடித்து, நீரிற் கரைத்து, நாரால் வடிகட்டிப் பருகுவர். நாவைச் சற்றே மரக்கச் செய்து மனத்துக்கு அமைதி தரும் பானம் அது. மன்னர் பட்டமேற்கும் நாளில் தலைவரெல்லாரும் பரந்த வெளியிலே பெருவட்டமாகத் தரையில் அமர்வர். மன்னர் வட்டத்தின் தலைப்பாகத்தில் வீற்றிருப்பார். இருபுறமும் அவருக்காகப் பேசும் மரபுரிமை பெற்ற மாதாபுலேமார் அமர்ந்திருப்பர். பன்றிகளும் கிழங்குகளும் காவா வேர்களும் குவிக்கப்படும். ஒவ்வொருவருடைய பட்டப்பெயரும் முறைப்படி அழைக்கப்பட, தேங்காய்ச் சிரட்டையிலே பானம் வழங்கப்படும். யார் எங்கே அமர்வது என்பது பட்டத்தால் அமைந்தது. ஒருவர் இறந்தாலும் இடம் மாறுவதில்லை, வாரிசு வந்து அதே இடத்தில் அமர்வார். வட்டத்தைக் கண்டோர் நாட்டின் அமைப்பையே கண்டோராவர். 2008ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் நடைபெற்ற முடிசூட்டு விழாக்களின்போதும் இச்சடங்கு பழைய முறைப்படியே நிகழ்ந்தது.

காவாச் செடி பிறந்த கதையையும் சொல்லவேண்டும். ஒருமுறை மன்னன் ஒருவன் எயுஎயிக்கி என்னும் சிறு தீவிலே கரையிறங்கினான். அப்பொழுது அங்குக் கொடும் பஞ்சம். பெவங்கா என்பவனும் அவன் மனைவியும் மட்டும் இருந்தனர். அவர்களுக்கு நோயுற்ற ஒரே மகள். மன்னனுக்குப் படைக்க உணவில்லை. எஞ்சியிருந்த ஒரு கிழங்குச் செடியின் நிழலிலோ மன்னனே சாய்ந்திருந்தான்; அதை அகழ இயலவில்லை. செய்வதறியாத பெற்றோர் தம் மகளையே கொன்று விருந்து சமைக்க முற்பட்டனர். உண்மை மன்னனுக்குத் தெரியவந்தது. அவன் உண்ணவில்லை. அப்பெண்ணை முறைப்படி அடக்கம் செய்யுமாறு பணித்துவிட்டுப் பசியோடே கப்பலேறினான். கல்லறையின் தலைமாட்டிலே காவாவும் கால்மாட்டிலே கரும்பும் முளைத்தன. காவாவைக் கடித்த எலி தள்ளாடியது. கரும்பைக் கடித்ததும் தெளிந்தது. அதைக் கண்டே மக்கள் காவாவின் குணத்தை அறிந்தனர் என்று கதை முடிகின்றது.

இதனைக் குடிமக்களின் விசுவாசத்தைப் போற்றும் கதை என்று பலர் கூறுவர். விசுவாசம் இருக்கின்றது, ஆனால் அரசன் உணவை ஒதுக்கி எழுந்ததும் அக்கதையின் பகுதியே. குடிகள் கொடுக்கத் துணிவதையெல்லாம் அரசன் ஏற்றுக்கொள்ளலாகாது. பட்டமேற்கும் மன்னன் பருகும் முதற் சிரட்டையில் அந்த நினைவும் கலந்திருக்கின்றது.

இனிச் சரித்திர காலத்துக்கு வருவோம். 1799ஆம் ஆண்டில் துயி கனொகுபொலுவாக இருந்த துக்குஅஹோ கொலையுண்டான். அரை நூற்றாண்டு காலம் தொங்கா உள்நாட்டுப் போரிலே சீரழிந்தது. அப்போரினூடே எழுந்தவர் ஹாஅபாய்த் தீவுத் தலைவர் தௌபாஹவு. 1826இல் அவர் துயி தொங்காவான லௌபிலித்தொங்காவைப் போரில் வென்றார். 1831இல் கிறிஸ்தவராகி, இங்கிலாந்து மன்னரின் பெயரைத் தழுவி ஜோர்ஜ் எனத் தம்மை அழைத்துக்கொண்டார். 1845இல் துயி கனொகுபொலு பட்டமேற்று நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தார். 1865இல் லௌபிலித்தொங்கா இறந்தபின் துயி தொங்காப் பட்டம் வேறெவர்க்கும் வழங்கப்படவில்லை.

வாளால் வென்றவர் பலர். வென்றபின் தம் அதிகாரத்துக்குத் தாமே எல்லையிட்டவர் சிலரே. 1839இல் வவாவுத் தீவில் அவர் எழுத்துருவான சட்டத் தொகுதியை வெளியிட்டார். 1862ஆம் ஆண்டு ஜூன் 4ஆந் திகதி, தலைவர்க்கு அடிமைபோல் உழைத்த குடிமக்கள் அனைவரும் விடுதலை பெற்றனர் என அறிவித்தார். தலைவன் தன் விருப்பம்போல் குடியானவனின் பன்றியையும் கிழங்கையும் கவர்ந்து செல்லும் காலம் அன்றோடு சட்டத்தில் முடிந்தது. 1875ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி அரசியலமைப்பை வழங்கினார். தலைவனுக்கும் குடிமகனுக்கும் சட்டம் ஒன்றே என்பது அதன் உயிர்நிலை.

நிலத்தைப் பற்றி அவர் கொண்ட உறுதி தனிச்சிறப்புடையது. 1853இல் அவர் சிட்னி நகருக்குச் சென்றிருந்தார். நிலமில்லாதோர் வாடகை கொடுத்து வாழ்வதையும், வீடில்லாதோர் தெருவிலே உறங்குவதையும் அங்குக் கண்டு மனம் கலங்கினார் என்பர். தொங்கா மண்ணை அந்நியர்க்கு விற்கலாகாது என்பது அந்நாட்டின் அசையாச் சட்டமாயிற்று. பதினாறு வயது நிறைந்த ஒவ்வொரு ஆண்மகனுக்கும் பயிர் செய்ய எட்டேகால் ஏக்கரும், வீடு கட்ட ஊருக்குள் ஒரு மனையும் உரிமையாகும் என்று பின்வந்த சட்டங்கள் விதித்தன. ஹவாயிலே தோட்ட முதலாளிமார் கைக்கு நிலம் போயிற்று. நிலத்தின் பின்னே முடியும் போயிற்று. தொங்காவில் நிலம் போகவில்லை. 1900இல் பிரித்தானியாவோடு நட்புடன்படிக்கை செய்து, வெளிநாட்டு விவகாரங்களை அதன் பாதுகாப்பில் ஒப்படைத்தபோதும், உள்நாட்டு அரசு தொங்கா மன்னரிடமே இருந்தது. அந்தப் பாதுகாப்பும் 1970ஆம் ஆண்டு ஜூன் 4ஆந் திகதி நீங்கிற்று. அடிமை நீங்கிய நாளும் அதுவே என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள்.

அரசி சலோத்தே துப்போ 1918இல் பதினெட்டு வயதில் அரியணை ஏறினார். அவர் தாயைத் தந்தையார் மணந்தது தலைவர் பலருக்கு உவப்பாயிருக்கவில்லை. அக்கசப்பு மகளின் ஆட்சிக்கும் தடையாயிற்று. ஆண்டு முடியுமுன்னரே கொள்ளைக் காய்ச்சல் கப்பலில் வந்திறங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. இவற்றினூடே இளம் அரசி பொறுமையோடு நடந்தார். அவர் கணவர் துங்கி இரண்டாம் அரச மரபின் வழித்தோன்றல். முதல் மரபின் உறவும் அக்குடும்பத்துக்கு உண்டு. ஆதலின் அவர்கள் மைந்தரில் மூன்று மரபுகளின் இரத்தமும் ஒன்றாயிற்று. துயிதாதுயி கல்லிலே செய்ததை அரசி தம் இல்லறத்திலே செய்தார் எனலாம்.

1953ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி இலண்டனில் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா. கொட்டும் மழையிலே மற்றையோர் வண்டிகளின் கூரையை மூடிக்கொள்ள, ஆறடிக்கு மேல் உயர்ந்த சலோத்தே அரசி திறந்த வண்டியிலே நனைந்தபடி புன்முறுவலோடு சென்றார். தெருவோரத்து மக்கள் ஆரவாரித்தனர். தம்மிலும் மேலான ஒருவரைப் போற்றும் வேளையில் தலைக்குமேல் நிழல் தேடுவது தொங்கா முறைமைக்கு ஒவ்வாது என்பதே அதன் விளக்கம். அவ்வாண்டு டிசம்பரில் எலிசபெத் அரசி தொங்காவுக்குச் சென்றார். அதே சுற்றுப்பயணத்தில் 1954 ஏப்பிரலில் நம் இலங்கைக்கும் வந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சலோத்தே அரசி பாடல்கள் பல இயற்றிய கவியுமாவார். தம் நாட்டின் மரபுகளைச் சேகரித்துக் காக்கக் குழுவொன்றை அமைத்தார். மரியாதை, பணிவு, கடமைப் பற்று, உறவைப் பேணுதல் என்னும் நான்கையும் தொங்கா வாழ்வின் பொற்றூண்களாக அவர் எடுத்துக்கூறியதாகச் சொல்வர். 1965இல் அவர் மறைந்தார்.

அவர் மகன் நான்காம் துப்போ, தொங்கா மக்களுள் முதன்முதலிற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். கல்வியமைச்சராயிருந்து 1947இல் உயர்நிலைப் பள்ளியொன்றை நிறுவியவரும் அவரே. கல்வி பரவினால் வினாக்கள் எழும். அது பள்ளிக்கூடத்தில் வாழ்ந்தோர் அறிந்த உண்மை. வினா எழுப்பியவருள் முதன்மையானவர் அக்கிலிசி பொஹிவா என்னும் ஆசிரியர். வானொலி நிகழ்ச்சியொன்றிலே அரசைக் குறைகூறியமைக்காக 1985இல் அவர் வேலையினின்றும் நீக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 1988இல் நாட்டின் உயர்நீதிமன்றமே அந்நீக்கம் முறையற்றதெனத் தீர்ப்பளித்தது. மன்னர் வழங்கிய அரசியலமைப்பே மன்னர் அரசாங்கத்துக்கு எதிராக ஓர் ஆசிரியரைக் காத்தது.

அக்காலப் பாராளுமன்றத்தில் மக்கள் பிரதிநிதிகள் ஒன்பதின்மர். முப்பத்துமூன்று பிரபுப் பட்டத்தார் தம்முள் தெரிந்தோர் ஒன்பதின்மர். இவர்களோடு மன்னர் நியமித்த அமைச்சர். எனவே மக்கள் குரல் என்றும் சிறுபான்மையே. 2005இல் அரசாங்க ஊழியர் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். 2006 செப்தெம்பரில் நான்காம் துப்போ மறைந்தார். அவ்வாண்டு நவம்பர் 16ஆந் திகதி தலைநகரில் கலகம் மூண்டு வணிகப் பகுதியின் பெரும்பங்கு எரிந்தது, உயிர்களும் மாண்டன. பொற்றூண்கள் நான்கும் அன்று ஆட்டங்கண்டன.

அடுத்து வந்த ஐந்தாம் ஜோர்ஜ் துப்போ மன்னர், 2008இல் முடிசூடுவதற்குச் சில நாட்களின் முன், நாளாந்த ஆட்சி அதிகாரத்தைப் பெரும்பாலும் கைவிட்டுப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி நடக்கப்போவதாக அறிவித்தார். 2010 நவம்பர்த் தேர்தலில் இருபத்தாறு இடங்களுள் பதினேழு மக்களுக்குரியனவாயின. 2014இல், வேலை இழந்த அந்த ஆசிரியர் பொஹிவாவே பாராளுமன்றத்தாற் பிரதம மந்திரியாகத் தெரிவுசெய்யப்பட்டார். பிரபுவல்லாத ஒருவர் அவ்வாறு தெரிவானது அதுவே முதன்முறை.

இத்துடன் எல்லாம் நிறைவெய்திற்று என்று கூறேன். 2012இல் அரியணை ஏறிய ஆறாம் துப்போ மன்னர் 2017 ஆகஸ்டில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். நவம்பர்த் தேர்தலில் மக்கள் பொஹிவாவின் கட்சியையே முன்னினும் வலுவோடு திருப்பி அனுப்பினர். சட்டத்துக்கு இசைவளிக்கும் உரிமை மன்னரிடமே உண்டு. நிலவுரிமை இன்றும் பெரும்பாலும் ஆணுக்கே. தகுதியில் சகோதரியை உயர்த்திய நாடு நிலத்தில் அவளைப் பின்னிறுத்தியமை பெரும் முரண்பாடு. எட்டேகால் ஏக்கர் என்ற வாக்குறுதியை நிறைவேற்ற நிலமும் போதாமற் போயிற்று. தொங்கா மக்களுட் பெருந்தொகையினர் நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உழைத்து வாழ்கின்றனர்.

ஆயினும் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆட்சியைத் தம்பியோடு பகிர்ந்தது அம்முடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. இருபத்தொராம் நூற்றாண்டில் மக்களுக்கு வழிவிட்டது. மூன்று முறையும் அது விட்டுக்கொடுத்தது நெருக்கடியின் நடுவிலேயே; எனினும், முற்றும் பறிபோகுமுன் விட்டுக்கொடுத்தது. பஞ்சத்தீவிலே பசியோடு எழுந்துசென்ற அம்மன்னனின் கதையைப் பாடமாகக் கொண்டவர் அரியணையில் இருக்குமளவும் அவ்வட்டம் கலையாதிருக்கும். தலைமை வகிப்போர்க்கு, அவர் அமர்வது அரியணையாயினும் வேறெந்த நாற்காலியாயினும், முன்னே படைக்கப்படுவது எவர் வீட்டு இழப்பு என்று கேட்டறிந்த பின்னரே கைநீட்டும் கடமை உண்டு.